பெண்பிள்ளைகள் கத்தினால் பாட்டு மட்டமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, ஜூன் 2:
"பதினாலு, பதினைந்து வயதுப் பெண்கள் கூடி நின்று கத்துகிற பாடகன் எவனும் இருபது வருடம் நிலைப்பதில்லை. போஸ்டர் கிழிந்ததும் புகழும் கிழிந்துவிடும். நிலைப்பது விஷயம் தெரிந்தவர்கள் கேட்கிற இசைதான். மாற்று உதாரணம் இருந்தால் ஒன்று சொல்லுங்கள், பார்க்கலாம்."

ஜூன் 2, இரவு

பீட்டில்ஸ்.

தூக்கம் வருகிறது. மீதியை நாளை பேசலாம்.

ஜூன் 3, காலை

எழுந்து பார்த்தால் "பீட்டில்ஸ் கணக்கில் வராது, அவர்கள் மேதைகள்" என்று பதில்கள் குவிந்திருக்கின்றன. மேதைகள்தான், யார் இல்லை என்றது? 1964-ல் அதை யார் கண்டுகொண்டார்கள், யார் கோட்டைவிட்டார்கள் என்பதுதானே இங்கே பேச்சு.

அந்த வருடம் பிப்ரவரி 9 அன்று எட் சல்லிவன் நிகழ்ச்சியில் அவர்கள் பாடியதை அமெரிக்காவில் சுமார் 7 கோடியே 30 லட்சம் பேர் பார்த்தார்கள். அதே மாதக் கடைசியில் லண்டனில் நியூ ஸ்டேட்ஸ்மன் இதழில் பால் ஜான்சன் ஒரு கட்டுரை எழுதினார். இவர்களைச் சுற்றி அலறுகிற பிள்ளைகள் அந்தத் தலைமுறையிலேயே மந்தமானவர்கள், சோம்பேறிகள், தோற்றுப்போனவர்கள் என்பது அவருடைய தீர்ப்பு. பதினாறு வயதில் தானும் நண்பர்களும் பீத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியைக் கேட்டுச் சிலிர்த்தவர்களாம். இந்த மாதிரி ஆட்களுக்கு அரை நிமிடம்கூட ஒதுக்கியிருக்க மாட்டார்களாம்.

'விஷயம் தெரிந்தவர்' என்று நீங்கள் சொல்கிற ஆள் அச்சு அசலாக இவர்தான். படித்தவர், பத்திரிகையாளர், பீத்தோவன் கேட்டு வளர்ந்தவர். கோட்டைவிட்டது அவர். மந்தமான பிள்ளைகள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள்.

ஜூன் 3, மதியம்

ஒன்று விட்டுப்போயிற்று. பீட்டில்ஸின் முதல் ஆல்பம் 1963-ல் வந்தது. அதில் ஷிரெல்ஸ் என்ற பெண்கள் குழு பாடிய பாட்டு இரண்டு, குக்கீஸ் என்ற இன்னொரு பெண்கள் குழுவின் பாட்டு ஒன்று. அதே வருடம் வந்த அடுத்த ஆல்பத்தில் மார்வலெட்ஸ் பாட்டு. எல்லாமே இளம் பெண்கள் பாடி இளம் பெண்கள் வாங்கிய இசை. அதை இந்த நாலு பையன்கள் பின்குரல், கைதட்டல் உட்பட மனப்பாடம் செய்து வைத்திருந்தார்கள். ஷிரெல்ஸின் அந்த இரண்டில் ஒன்று பையன்களைப் பற்றிப் பெண்கள் பாடுவது. பீட்டில்ஸின் டிரம்மர் ரிங்கோ அதைக் கூச்சமே இல்லாமல் அப்படியே பாடுகிறார்.

ஆக, பெண்பிள்ளைகளுக்கு அது பிடித்ததில் மர்மம் ஒன்றும் இல்லை. கொஞ்சம் அவர்கள் வீட்டுச் சரக்குதான்.

ஜூன் 4

"ஒரு குழுவை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஓட்டுவீர்கள்?" நியாயம். பின்னால் போகலாம்.

ஃபிராங்க் சினாட்ரா. 1942 டிசம்பர் 30, நியூயார்க் பாரமவுண்ட் அரங்கம். அன்றைக்குப் பெரிய பெயர் ஜாஸ் குழு நடத்திய பென்னி குட்மனுடையது. சினாட்ரா கூடுதல் ஐட்டம். அவர் மேடைக்கு வந்ததும் எழுந்த சத்தம் என்னவென்றே குட்மனுக்குப் புரியவில்லையாம். 1944 அக்டோபர் 12 அன்று அதே அரங்கத்துக்கு அவர் திரும்பி வந்தபோது உள்ளே போன பெண்கள் முதல் காட்சி முடிந்தும் எழுந்திருக்கவே இல்லை. வெளியே டைம்ஸ் சதுக்கத்தை அடைத்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் கூட்டம். கண்ணாடி உடைந்து, போலீஸ் வந்து, பத்திரிகைகளுக்கு ஒரு வாரத் தீனி.

உடனே விளக்கங்கள். மனநல நிபுணர்களைக் கேட்டார்கள்: கூட்டு வெறி, பையன்கள் எல்லாம் போருக்குப் போய்விட்ட ஏக்கம். விவரம் தெரிந்தவர்கள் கண்ணடித்தார்கள்: எல்லாம் விளம்பர ஏஜெண்ட் செட்டப். ஏஜெண்ட் ஜார்ஜ் எவன்ஸ் சில பெண்களுக்குக் காசு கொடுத்துக் கத்தவைத்தது உண்மைதான். அதற்காக டைம்ஸ் சதுக்கம் முழுக்க நின்றவர்களுக்கு அவரா சம்பளம் கொடுத்தார்?

அதே மாதம், அதே அரங்கத்தில், ஒரு பையன் சினாட்ரா மேல் முட்டை வீசினான். குறி தப்பவில்லை. மறுநாள் கடற்படைக்காரர்கள் சிலர் வாசலில் இருந்த அவர் படத்தின் மேல் தக்காளி எறிந்தார்கள். இவர்களுக்கு என்ன ஏக்கம் என்று எந்த நிபுணரையும் கேட்டதாகத் தெரியவில்லை. கிடைத்த வரைக்கும் தேடிவிட்டேன்.

அப்புறம் நடந்தது தெரிந்த கதை. 1952-ல் கொலம்பியா ரெக்கார்ட்ஸ் அவரைக் கைகழுவியது, 1953-ல் கேப்பிடல் கம்பெனிக்குப் போனார், 1954-ல் துணை நடிகருக்கான ஆஸ்கார். அந்த ஐம்பதுகளின் ஆல்பங்களைத்தான் இன்றைக்கு முதிர்ந்த ஆண்களின் இசை, விஸ்கி கிளாசோடு கேட்க வேண்டியது என்கிறார்கள். 1944-ல் பதினைந்து வயதாக இருந்த பெண்ணுக்கு 1955-ல் இருபத்தாறு. கையில் சொந்தச் சம்பளம் இருந்திருக்கும். அந்த ஆல்பங்களை வாங்கியவர்களில் அவள் இல்லை என்று யாராவது சொன்னால் நம்புவீர்களா?

ஜூன் 4, இரவு

இன்னும் பின்னால் போனால் ஃபிரான்ஸ் லிஸ்ட். 1841-42 குளிர்காலத்தில் பெர்லினில் அவர் பியானோ வாசித்தபோது அவருடைய கையுறைக்கும் கைக்குட்டைக்கும் பெண்கள் அடித்துக்கொண்டார்கள் என்பார்கள். இதற்கு 'லிஸ்ட் பித்து' என்று பெயர் வைத்தவர் கவிஞர் ஹைன்ரிஷ் ஹைனெ, 1844-ல். அவர் காரணம் தேடும் விதம் சுவாரசியமானது. பெண்கள் நோய்களைப் பார்க்கும் ஒரு டாக்டரிடம் கேட்கிறார். டாக்டர் ஒரு மாதிரிச் சிரித்துவிட்டு காந்தம், மின்சாரம், புழுக்கமான அரங்கம், மெழுகுவத்தி, வாசனைத் தைலம், தொற்று என்று அடுக்குகிறார். ஹைனெவுக்கே முழு நம்பிக்கை இல்லை. தன் வெற்றியை மேடையேற்றிக் காட்டுவதில் லிஸ்டை மிஞ்ச ஆள் இல்லை, ரகசியம் அதுதானோ என்று நழுவுகிறார்.

ஒன்று நோய், இல்லாவிட்டால் செட்டப். சினாட்ராவுக்கு நூறு வருடம் முன்பே இரண்டு விளக்கமும் தயார். இன்றைக்கும் இதே இரண்டுதான், பெயர் மட்டும் மாறியிருக்கிறது: பைத்தியங்கள், அல்லது போலிக் கணக்குகள். மூன்றாவதாக, அந்தப் பெண்கள் காதை வைத்துக் கேட்டார்கள், கேட்டது பிடித்திருந்தது என்று ஒரு சாத்தியம் இருக்கிறது. அது யாருக்கும் தோன்றுவதில்லை.

ஜூன் 5, காலை

மேலே ஒருவர் சரியாகப் பிடித்துவிட்டார்: பெர்லினில் லிஸ்டைக் கேட்டவர்கள் டீன் ஏஜ் பெண்கள் இல்லை, பெரிய வீட்டுப் பெண்மணிகள். உண்மை. ஆண்களும் நிறைய. 1842-ல் அவர் ஊரைவிட்டுக் கிளம்பியபோது ஆறு வெள்ளைக் குதிரை பூட்டிய வண்டியில் ஏற்றி ஊர்வலமாக வழியனுப்பியதில் பல்கலைக்கழக மாணவர்கள் முன்னால் நின்றார்கள். எல்லாம் ஆண்கள். நினைவில் தங்கியது மட்டும் கைக்குட்டை.

ஜூன் 5, இரவு

"உங்களுக்கு ஏன் இவ்வளவு சூடு?" என்று கேட்டவருக்கு.

நான் பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் ரசிகை. இருந்தேன் என்று எழுதப்போய் நிறுத்திக்கொண்டேன், இன்னும்தான். அப்போது வரிகளைத் தேடிப் படிக்கும் வசதி எனக்கு இல்லை. கேசட்டைப் போட்டு, ஒரு வரி ஓடவிட்டு, நிறுத்தி, எழுதி, பின்னால் ஓட்டி, மறுபடி. ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிறுத்தினால் டேப் தளர்ந்து அந்த இடத்தில் குரல் லேசாகத் தள்ளாடும். அடுத்த முறை கேட்கும்போது தள்ளாட்டம் வந்தால், ஓ, இது நான் மல்லுக்கட்டிய வரி என்று தெரிந்துவிடும். நோட்டில் ஐந்து நிற மை, ஐந்து பாடகருக்கு. கோரஸில் யார் மேல் சுரம், யார் கீழ்ச் சுரம் என்று பக்கத்தில் அம்புக்குறி. சங்கீதம் யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. அடுக்குக் குரலைப் பிரித்துக் கேட்க அந்த நோட்டில்தான் கற்றேன்.

என் அண்ணன் மெட்டல் ரசிகன். "ஐந்து பேருக்கும் ஒரே குரல், ஒரே மூஞ்சி" என்பான். அவன் கண்ணாடி முன்னால் இல்லாத கிடாரை முழு சோலோவும் வாசித்து, கடைசியில் மண்டியிட்டு முடிப்பான். அது ரசனை. நான் போஸ்டர் ஒட்டினால் அது வயசுக்கோளாறு. வீட்டில் எல்லோரும் இதை ஒத்துக்கொண்டார்கள் என்பதுதான் கொடுமை, நான் உட்பட. கல்லூரிக்குப் போனதும் அந்த நோட்டை ஒளித்துவைத்து, அண்ணனுடைய குழுக்களின் பெயர்களைச் சொல்லித் திரிந்தேன். அவற்றில் பாதியை நான் கேட்டதே கிடையாது.

ஜூன் 6, அதிகாலை

நோட்டு என்றதும் ஒன்று. 1999-ல் வந்த அவர்களுடைய மிகப் பெரிய ஹிட்டான 'ஐ வாண்ட் இட் தட் வே' (எனக்கு அது அப்படி வேண்டும்) பாட்டின் கோரஸுக்கு எனக்கு அர்த்தமே பிடிபடவில்லை. அவள் 'அப்படி' வேண்டும் என்கிறாளா, இவன் வேண்டாம் என்கிறானா, எப்படி வேண்டும்? என் ஆங்கிலம் போதவில்லை என்று நினைத்து அகராதியைப் புரட்டினேன். பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது: எழுதிய மாக்ஸ் மார்ட்டினும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும் ஸ்வீடன்காரர்கள், சொல் காதில் எப்படி விழுகிறது என்று பார்த்துப் பொருத்தியவர்கள். அர்த்தம் சரியாக உட்காரவில்லை என்று பாடியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அகராதி பாவம்.

அதே மாக்ஸ் மார்ட்டின் இன்றைக்கு, அமெரிக்கத் தரவரிசையில் முதலிடம் பிடித்த பாட்டுகளை எழுதியவர்கள் பட்டியலில் பீட்டில்ஸின் மெக்கார்ட்னி, லெனனோடு வைத்துப் பேசப்படுகிறார்.

ஜூன் 6, மாலை

நல்ல அடி: "பே சிட்டி ரோலர்ஸுக்கு என்ன சொல்கிறீர்கள்?"

இளையவர்களுக்காக: ஸ்காட்லாந்துக் குழு. 1975-ல் பிரிட்டன் முழுக்கப் பெண்பிள்ளைகள் கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையில் கட்டம்போட்ட துணியை ஓரம் தைத்து, மணிக்கட்டில் அதே கட்டத்தில் துண்டு கட்டிக்கொண்டு அலைந்தார்கள். 1976 ஜனவரியில் அமெரிக்காவிலும் முதலிடம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அலை அடங்கிவிட்டது. பீட்டில்ஸோடு ஒப்பிட முடியுமா? முடியாது.

இதை நாள் முழுக்க யோசித்தேன். இதுவரை நான் செய்தது என்ன? நிலைத்தவர்களைப் பொறுக்கியெடுத்து, "பாருங்கள், பெண்பிள்ளைகள் சரியாகத்தான் கணித்தார்கள்" என்று மார்க் ஷீட் காட்டிக்கொண்டிருக்கிறேன். ரோலர்ஸ் வந்ததும் அந்த மார்க் ஷீட் கிழிகிறது. கிழியட்டும். இருபது வருடம் கழித்து இன்னொருவர் கையெழுத்துப் போட்டால்தான் பதினைந்து வயதில் ஒருத்தி சந்தோஷப்பட்டது செல்லுபடியாகுமா? அண்ணன் மண்டியிட்ட குழுக்களில் பாதி இன்றைக்குத் தேடினாலும் அகப்படாது. அதனால் பையன்களுக்கு இசை தெரியாது என்று யாரும் முடிவு கட்டவில்லை. அந்தத் தேர்வை எழுதச் சொல்லி அவர்களைக் கூப்பிடவே இல்லை.

ரோலர்ஸ் கதையில் யார் ஏமாந்தது என்று கேட்டால், பெண்பிள்ளைகள் எனக்கு முதலில் தோன்ற மாட்டார்கள். குழுவில் இருந்தவர்கள் ராயல்டி பணத்துக்காக ரெக்கார்ட் கம்பெனியோடு பல வருடம் வழக்காடினார்கள். துண்டு கட்டிய பெண்ணுக்கு ஒரு கோடை முழுக்கத் தோழிகளும் பாட்டும் கிடைத்தன. கொடுத்த காசுக்கு வாங்கிவிட்டாள்.

ஜூன் 7

இருந்தாலும் கேள்வி கேட்டவருக்கு அவர் கேட்ட இருபது வருடத்தைக் கொடுத்துவிடுகிறேன், கடன் வேண்டாம். டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆல்பம் 2006. டீன் ஏஜ் பெண் டீன் ஏஜ் பெண்களுக்குப் பாடுகிறாள், டைரி எழுதுகிறாள் என்று கேலி செய்தார்கள். 2023 மார்ச்சில் தொடங்கி 2024 டிசம்பரில் முடிந்த சுற்றுப்பயணத்தில் 149 நிகழ்ச்சிகள். டிக்கெட் வசூல் 200 கோடி டாலரைத் தாண்டியது. முதல் ஆல்பத்தின்போது பள்ளிக்கூடத்தில் இருந்தவர்கள் தங்கள் மகள்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நீண்ட புகழ் இப்படித்தான் நீள்கிறது, அவ்வளவு ரகசியம் இல்லை. பெண்பிள்ளைகள் வளர்கிறார்கள், ரசனையையும் கூட எடுத்துக்கொண்டு வளர்கிறார்கள். நடுவில் விமர்சகர்கள் வந்து, இதோ நாங்கள் கண்டெடுத்தோம் என்கிறார்கள்.

கண்டெடுப்பது என்றதும்: பீட்டில்ஸின் ஆரம்ப சிங்கிள்களை அமெரிக்காவில் வெளியிடச் சொன்னபோது கேப்பிடல் கம்பெனி மறுத்துவிட்டது. 1963 டிசம்பரில் ஒரு டிவி செய்தியில் அவர்களைப் பார்த்த பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி, இந்த மாதிரி இசை நம் ஊரில் ஏன் கிடைக்கவில்லை என்று வாஷிங்டன் ரேடியோ நிலையத்துக்குக் கடிதம் போட்டாள். அறிவிப்பாளர் பிரிட்டனிலிருந்து ரெக்கார்டை வரவழைத்து, டிசம்பர் 17 அன்று அவளையே அறிவிக்கவைத்து ஒலிபரப்பினார். நேயர்கள் திரும்பத் திரும்பக் கேட்க, ஜனவரியில் வரவேண்டிய ரெக்கார்டை கேப்பிடல் டிசம்பர் 26-க்கு முன்னால் தள்ளியது. ஒரு கம்பெனி முழுக்க இருந்த விஷயம் தெரிந்தவர்களை விட அவளுக்குக் காது நன்றாக இருந்தது.

(மார்க் ஷீட் காட்டமாட்டேன் என்று நேற்றுத்தான் எழுதினேன். பழக்கதோஷம்.)

ஜூன் 8

ஒன் டைரக்ஷன் என்ற பாய் பேண்டில் இருந்த ஹாரி ஸ்டைல்ஸ் சொன்னதை இரண்டு பேர் ஒட்டியிருக்கிறீர்கள். 2017-ல் ரோலிங் ஸ்டோன் பேட்டியில், பாப் கேட்கும் இளம் பெண்ணின் ரசனை முப்பது வயது ஹிப்ஸ்டர் ஆணுடையதைவிட மட்டம் என்று யார் சொல்வது என்று கேட்டாரே, அது. நல்ல பேச்சு. அதைப் பாராட்டும்போது ஒன்றையும் கவனியுங்கள்: அது ஏன் செய்தியாகிறது? தன்னை ஆளாக்கியவர்களைப் பற்றி வெட்கப்படாமல் பேசியதற்கே நமக்குப் புல்லரிக்கிறது. பாய் பேண்டிலிருந்து வெளியே வருகிற ஆட்கள் வழக்கமாகச் செய்வது தாடி வளர்த்து, கிடாரை மாட்டிக்கொண்டு, "இப்போது என் உண்மையான இசை" என்பது. அதாவது இதுவரை பொய், அதைக் கேட்டவர்கள் அசடுகள். அந்த ஆல்பத்தையும் முதல் நாளே வாங்குவது அதே அசடுகள்.

ஜூன் 8, இரவு

பிரிட்னி ஸ்பியர்ஸ் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 2008-ல் அவரை நீதிமன்றம் பாதுகாவலர் பொறுப்பில் வைத்தது. அதன் கீழேயே அவர் ஆல்பம் வெளியிட்டார், லாஸ் வேகாஸில் பாடினார், சம்பாதித்தார். சொத்தும் முடிவுகளும் அவர் கையில் இல்லை. இதில் ஏதோ சரியில்லை என்று ரசிகைகளும் ரசிகர்களும் கூட்டம் போட்டபோது, இன்ஸ்டாகிராம் படத்தில் சதி தேடும் கிறுக்குகள் என்றார்கள். 2021 ஜூனில் அவரே நீதிமன்றத்தில் பேசினார். நவம்பர் 12-ல் ஏற்பாடு ரத்தானது. சதி தேடியதில் அபத்தங்களும் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் வருடக்கணக்காக அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு மாற்றம் கண்ணில் படுவதில் ஆச்சரியம் என்ன?

ஜூன் 9

கடைசியாக வந்திருக்கும் குற்றச்சாட்டு: "கத்தியதால்தானே பீட்டில்ஸ் மேடையையே விட்டார்கள்? இசை கேட்க வந்தவர்கள் இசையைக் கேட்கவிடாமல் செய்வார்களா?"

பாதி சரி. 1965 ஆகஸ்ட் 15, ஷே ஸ்டேடியம், சுமார் 55,600 பேர். மேடையில் 100 வாட் ஆம்ப்ளிஃபையர்கள், பாட்டு பேஸ்பால் மைதானத்தின் அறிவிப்பு ஒலிபெருக்கி வழியாகப் போகிறது. பாடுகிறவருக்குத் தன் குரல் திரும்பக் கேட்க எந்த ஏற்பாடும் இல்லை. முன்னால் நிற்பவர்களின் பின்புறம் ஆடுவதை வைத்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று தெரிந்துகொண்டதாக ரிங்கோ சொல்வார். அடுத்த வருடம் ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவோடு மேடைக்கு முழுக்கு. இதில் கூச்சலுக்குப் பங்கு உண்டு. அந்த அளவு கூட்டத்துக்கு ஸ்பீக்கர் கட்டத் தெரியாத காலம் என்பதற்கும் பங்கு உண்டு.

அந்தப் பிள்ளைகள் எதற்கு வந்தார்கள் என்றால், பாட்டைத் தெரிந்துகொள்ள இல்லை. ஒவ்வொரு வரியும் ரெக்கார்டில் கேட்டு மனப்பாடம். சும்மா இரு, மெதுவாகப் பேசு, ஒழுங்காக உட்கார் என்று நாள் முழுக்கக் கேட்கிற வயதில், ஐம்பதாயிரம் பேர் சேர்ந்து தொண்டை கிழியக் கத்த ஒரு இடம் அகப்பட்டது. யாரும் அதட்ட முடியாத இடம். நான் பெரியவளான பிறகுதான் ஒரு அரங்க நிகழ்ச்சிக்குப் போனேன். கத்தவில்லை, கௌரவமாகக் கைதட்டினேன். பக்கத்தில் ஒரு சின்னப் பெண் முதல் தாளத்திலேயே எந்தப் பாட்டு என்று கண்டுபிடித்து அலறினாள். எனக்குப் பிடிபட இன்னும் சில நொடி ஆனது. (கால்பந்தில் ஒரு கோலுக்குச் சட்டையைக் கழற்றிச் சுழற்றி அழுகிற ஆண்களைப் பற்றிச் சொல்ல நினைத்தேன். வேண்டாம், இழை திசை மாறிவிடும்.)

ஜூன் 9, பிற்பகல்

கூச்சலோடு பதிவான கச்சேரி கேட்க எங்கே என்று கேட்டவருக்கு: பீட்டில்ஸின் ஹாலிவுட் பௌல் கச்சேரிகள், 1964-லும் 1965-லும் பதிவானவை. கூச்சல் அதிகம் என்று பல வருடம் கிடப்பில் போட்டிருந்தார்கள். 1977-ல் அவர்களுடைய தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் மூன்று டிராக் டேப்பிலிருந்து தேற்றி வெளியிட்டார். பிரிட்டனில் முதலிடம் போனது. 2016-ல் அவர் மகன் கைல்ஸ் புதிய தொழில்நுட்பத்தில் வாத்தியங்களையும் குரல்களையும் கூச்சலிலிருந்து பிரித்து முன்னால் கொண்டுவந்தார். ரிங்கோவின் டிரம் என்ன செய்கிறது என்று தெளிவாகக் கேட்க 2016. டிரம்மர்கள் அதைத்தான் சிபாரிசு செய்வார்கள், நானும் தடுக்க மாட்டேன்.

எனக்கு 1977. 'ஷீ லவ்ஸ் யூ' பாட்டில் 'ஊ' என்று இழுத்துத் தலையை ஆட்டுவார்களே, அந்த இடத்தில் கூச்சல் ஒரு படி மேலே ஏறும். மொத்த அரங்கமும் தாளம் தவறாமல், சரியாக அந்த இடத்தில். ஹெட்ஃபோனில் கேட்பதாக இருந்தால் வால்யூமை முன்கூட்டியே குறைத்துக்கொள்ளுங்கள்.